அப்பாவின் சம்பளத்தை வேறொருவர் எடுத்த வருடம்

ஒரே தோட்டத்தில் வளர்ந்து ஐம்பதைத் தாண்டிய நாம் இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில்தான் சந்தித்துக்கொள்கிறோம். போன மாதம் ரவாங்கில் நடந்த கல்யாணத்திலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கு எந்த மாத்திரை என்று பேசி முடித்து, தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருத்தி தன் மகனைப் பற்றிச் சொன்னாள். கிரெடிட் கார்டு. அதைக் கட்ட ஒரு கடன். அந்தக் கடனைக் கட்டக் கைப்பேசியிலேயே வாங்கிய இன்னொரு கடன். "பேங்க்ரப்ட் ஆயிருவானோன்னு பயமா இருக்கு லா" என்று கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், சாவு வீட்டில் பிடிப்பதுபோல. இன்னொருத்தி சொன்னாள்: "வெளிய சொல்லாத. எப்படியாவது எங்கயாவது பொரட்டி அடைச்சிரு."

மண்டபத்தில் பாட்டுச் சத்தம் அதிகம். அங்கே சொல்லக்கூடிய கதையும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பொரட்டி அடைத்தோம். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது. ரம்புத்தான் பழுக்கத் தொடங்கியதிலிருந்து வருடக் கடைசி மழை முடியும்வரை.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட தோட்டம். அப்பா ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். தஞ்சோங் காராங்கிலிருந்து கிள்ளான் வரை அவர் போகாத சாலை இல்லை. அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் செம்பனை எண்ணெயின் புளித்த வாசனை போகாது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இப்போதும் நெடுஞ்சாலையில் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நான் கார் கண்ணாடியை இறக்கிவிடுவேன். என் மகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

லயத்தில் எங்கள் வீடு ஒன்றுதான் சோபா உள்ள வீடு. சிவப்பு வெல்வெட் சோபா, கண்ணாடி அலமாரி, கதவு வைத்த டிவி, எல்லாம் கோல சிலாங்கூர் தவணைக் கடையில் எடுத்தவை. சோபாவைக் கடையில் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறையோடுதான் வைத்திருந்தோம். பள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்திருக்கும்போது தோலை உரிப்பதுபோல் இழுக்கும். "பிரிச்சிரலாமேம்மா" என்று அக்கா கேட்பாள். "காசு கட்டி முடிச்சதும் பிரிக்கலாம். அது வரைக்கும் அது கடைக்காரன் சோபா" என்பார் அம்மா. அம்மா செம்பனைக் காட்டில் களை மருந்து அடிக்கும் வேலை செய்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, தரையில்தான் உட்காருவார்.

அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் பொருளாளர். அதை ஒரு பெரிய உத்தியோகமாகவே வைத்திருந்தார். திருவிழா முடிந்து கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் அன்று வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். அந்த வருடம் தோட்ட ஆபீஸ் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தி பேங்கில் போட ஆரம்பித்தது. எல்லோருக்கும் ஒரு கார்டு வந்தது. மற்ற ஆண்கள் முணுமுணுத்தார்கள். அப்பாவுக்கு மட்டும் பெருமை. கார்டைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அதன் இரகசிய எண்ணை அம்மா கேட்டபோது, "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்குலயே சொல்லியிருக்கான்" என்று சிரித்தார்.

சித்தப்பாவின் வேன் அதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. தோட்டத்துப் பெண்களை ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப் போய் இறக்கும் வேலைக்காக வேன் எடுத்தார். நிதி நிறுவனம் ஜாமீன் கேட்டது. அப்பா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் எங்கள் எல்லோரையும் அதே வேனில் பாசிர் பெனம்பாங்குக்கு அழைத்துப் போனார். ஆற்றைத் தாண்டி, மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்த இடத்தில் நண்டு வாங்கினோம். புது வேனின் இருக்கை வாசனையும் நண்டு வாசனையும் கலந்து எனக்கு வாந்தி வந்தது. சித்தப்பா திட்டவில்லை. தன் சட்டையாலேயே துடைத்தார். நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொன்னால் தப்பாகிவிடும்.

தொழிற்சாலைகள் தங்களுக்கென்று பஸ் வைத்துக்கொண்டன. வேன் கோயில் பக்கத்தில் நின்றது, நாங்கள் அதற்குள் ஏறி விளையாடினோம். பிறகு ஒருநாள் அது அங்கே இல்லை. தவணை கட்டாததால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள்.

கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் அவர் லயத்துப் பக்கம் அதிகம் வரமாட்டார். பிளாஸ்டிக் சரசரக்க சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை வருடம்.

"டிரைவரே, கோவப்படாம கேளுங்க. வேன ஏலத்துல வித்துட்டாங்க. வித்தது போகப் பாக்கி நிக்கிது. தம்பிகிட்ட ஒன்னும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். ஜாமீன் ஒங்க கையெழுத்து. கேஸு போட்டு ஒங்களத்தான் பேங்க்ரப்ட் ஆக்குவாங்க."

"ஜெயிலாங்க?" என்றார் அப்பா.

"ஜெயிலெல்லாம் இல்ல. ஷா ஆலத்துல அதுக்குன்னே ஆபீஸ் இருக்கு. போயி நெலமைய சொன்னா, சம்பளத்தப் பாத்து, குடும்பத்தப் பாத்து, மாசம் இவ்ளோ கட்டுன்னு போட்டுக் குடுப்பாங்க. வெளிநாடு போணும்னா கேட்டுட்டுப் போணும். புதுசா கடன் வாங்க முடியாது. கட்டுனவரைக்கும் கட்டி, ஒருநாள் வெளிய வந்துறலாம்."

"பேரு பேப்பர்ல வருமா?"

கிராணி தயங்கினார். "அது வரும். சட்டம் அப்படி."

"கோயில் காசு என் கையில இருக்கு, கிராணியாரே. பேப்பர்ல பேரு வந்தவன் கையில எவன் உண்டியல் சாவியக் குடுப்பான்?" என்றார் அப்பா.

"குடுக்காட்டிப் போறாங்க" என்றார் அடுப்படியிலிருந்து அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே ரம்புத்தான் மாமா வந்தார். அந்தப் பெயர் நாங்கள் பிள்ளைகள் வைத்தது. பெரியவர்கள் அவரை வட்டிக்காரர் என்றார்கள், அதையும் அவர் காதில் படாமல். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஹேண்டிலில் ஒரு பை நிறைய ரம்புத்தான் தொங்கும். செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைப்பார். ஒருபோதும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். வட்டிக்காரன் என்றால் சிவப்புச் சாயம் ஊற்றுவான், கதவை உதைப்பான் என்று பிற்காலத்தில் பேப்பரில் படித்தபோதெல்லாம் எனக்கு அவருடைய வழவழப்பான குரல்தான் ஞாபகம் வந்தது.

"அண்ணே, ஒங்கள மாதிரி ஒரு ஆளு பேரு கெடலாமா?" என்றார்.

அப்பா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது என்று இப்போது தோன்றுகிறது. நூற்றுக்குப் பத்து, மாதா மாதம். எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். கார்டு மட்டும் அவரிடம் இருக்கட்டும். சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவார். அப்பா சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். எண்ணையும் சொன்னார். அம்மா தேநீர்க் கிளாஸோடு நிலைப்படியில் நின்றிருந்தார். அவர் காதிலும் அன்றுதான் அந்த எண் விழுந்தது.

வாங்கிய பணத்தை அப்பா நிதி நிறுவனத்தில் நேராகக் கட்டவில்லை. தம்பி கையில் கொடுத்தார். "அவன் பேர்ல உள்ள கடன், அவனே கட்டட்டும். அவனுக்கும் ஒரு மரியாத வேணும்ல." சித்தப்பா ஒரு பகுதியைக் கட்டினார். மிச்சத்தை இன்னொரு பழைய வேனுக்கு முன்பணமாகக் கொடுத்தார். ஓட்டிச் சம்பாதித்து மொத்தத்தையும் அடைத்துவிடலாம் என்று மனதார நம்பினார். அந்த வேன் செரண்டா மேட்டில் ஒருநாள் புகைவிட்டு நின்றது, பிறகு ஓடவே இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடன் அடைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்த அப்பா, நிதி நிறுவனத்திலிருந்து வந்த கடிதங்களையும் பிரிக்காமலே தம்பியிடம் கொடுத்தார்.

சம்பள நாளில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போவார். பேங்க் வாசலில் மெஷினுக்கு முன்னால் வரிசை. எங்களுக்கு முன்பே ரம்புத்தான் மாமா அங்கே நின்றுகொண்டிருப்பார். அவர் கையில் ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டு. எல்லாம் கார்டு. எந்தக் கார்டு யாருடையது, எந்த எண் எதற்கு என்று அவருக்கு மனப்பாடம். வரிசையின் ஓரத்தில் நம் தோட்டத்து ஆட்கள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் என்று நாலைந்து பேர் மரத்தடியில் நின்றிருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். உங்களில் சிலருடைய அப்பாக்களையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன். யார் என்று சொல்லமாட்டேன்.

ஒரு தடவை அம்மா கேட்டார். "அண்ணே, இருவது வெள்ளி சேத்துக் குடுங்க. சின்னவளுக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கணும், பழசு கால்ல ஏற மாட்டேங்குது."

அவர் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "குடுக்கலாம் தங்கச்சி. ஆனா அது அடுத்த மாசம் கூடிப்போகும். எனக்கு ஒன்னும் இல்ல, ஒங்களுக்குத்தான் கஷ்டம்." பிறகு எனக்கு ஐஸ் கிரீம் வாங்கிக் கொடுத்தார். அம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் அதை நக்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கணவன் சம்பளத்தில் அரிசி வாங்க, அந்நியன் ஒருவனிடம் கை நீட்டவேண்டியிருந்தது அவருக்கு.

தவணைக் கடைக்குக் கட்டக் காசில்லாமல் போனது. கடை லோரி வந்து சோபாவையும் டிவியையும் அலமாரியையும் ஏற்றியது. கடை ஆள் சோபாவின் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்து, "நல்லா வச்சிருந்திங்க அக்கா, புதுசு மாதிரியே இருக்கு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அவை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வேறு நிறத்தில், நீள்சதுரங்களாகத் தெரிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. காட்டுச் சாலைகளில் தண்ணீர் நின்றது. லோரி இறங்க முடியவில்லை, நடை குறைந்தது, சம்பளமும் குறைந்தது. வட்டிக்கே போதவில்லை. ரம்புத்தான் மாமா ஒரு மத்தியானம் வந்தார். அப்பா வேலையில் இருந்தார். அம்மா தேநீர் கலக்கிக் கொடுத்தார். அவர் அக்காவைப் பார்த்தார். பாடப்புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய பாப்பா இவ்ளோ படிச்சது போதுமே, தங்கச்சி. டவுன்ல என் தம்பிக்குக் கடை இருக்கு. அங்கயே தங்கி வேல பாக்கட்டும். சம்பளத்தக் கடன்ல கழிச்சிக்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்குவாங்க."

அம்மா, "அவங்க அப்பாவ கேட்டுச் சொல்றேண்ணே" என்றார். அவர் போனதும் அந்தக் கிளாஸைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அதைக் குப்பைக் குழியில் போட்டார்.

மறுநாள் காலை அப்பா லோரிக்குப் போனபிறகு அம்மா எங்கள் துணிகளை இரண்டு பைகளில் அடைத்தார். செரண்டாவில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் அக்கா. அங்கே போகிறோம் என்றார். அக்கா அழுதாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. விஷயம் எப்படியோ தெரிந்து கிராணி பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். "பரீட்சை முடியிறவரைக்கும் பெரிய பொண்ணு எங்க வீட்ல இருக்கட்டும். என் சம்சாரம் இருக்கு, எங்க பொண்ணும் இருக்கு" என்றார். அம்மா முகம் கொடுக்கவில்லை. "பொண்ணுக்கு வேலை குடுக்குறேன்னு ஒருத்தன், எடம் குடுக்குறேன்னு ஒருத்தன்" என்று அவர் காதுபடவே சொல்லி எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்.

கிராணி நல்லவர் என்று இப்போது சொல்வது எனக்குச் சுலபம். அன்றைக்கு அம்மாவுக்குக் குழைந்து பேசுகிற ஆண்கள் எல்லோரும் ஒரே முகமாகத் தெரிந்திருப்பார்கள். அக்கா பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடம் அவள் செரண்டா தொழிற்சாலை ஒன்றில் சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். அங்கேயேதான் ஓய்வு வயது வரை நிற்கப்போகிறாள்.

அப்பா தோட்டத்தில் தனியாக இருந்தார். நாங்கள் போனபிறகுதான் நிதி நிறுவனத்தின் வழக்கு முடிந்து அவரைத் திவாலாக்கினார்கள். சித்தப்பா கட்டாத மிச்சம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பேப்பரில் பெயர் வந்தது. அவர் அவ்வளவு பயந்த அந்தப் பெயர், ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கம் ஒன்றில், எறும்பு வரிசைபோல் இருந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு வரி. தோட்டத்தில் அந்தப் பேப்பரை வாங்குபவர் மானேஜர் ஒருவர்தான். அவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார். கோயிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. உண்டியல் சாவி அவரிடமே இருந்தது. அவராகவே கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொன்னார்.

திவாலானவரின் பேங்க் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ரம்புத்தான் மாமாவுக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை. அந்தச் சம்பள நாளில் மெஷின் காசு தரவில்லை. திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினார். அப்பாவை ஆள்விட்டு வரவழைத்தார். அப்பா எண்ணை மாற்றிவிட்டார், பேங்க்கில் சொல்லி ஏமாற்றுகிறார் என்று நினைத்தார். பட்டப்பகலில், அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, கையிலிருந்த ஹெல்மெட்டால் அப்பாவின் காதோடு சேர்த்து அடித்தார். அடிக்கும்போதும் சத்தம் போடவில்லையாம். மரத்தடியில் நின்றிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவர்களுடைய கார்டும் அந்தக் கட்டில்தானே இருந்தது.

அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செரண்டாவுக்கு வந்தார். பெரியம்மா வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வழிவிட்டார். இடது காது அதன்பிறகு கேட்கவேயில்லை, ஆனாலும் புண் ஆறியதும் தோட்டத்து வேலைக்கே திரும்பினார். கிராணிதான் அவரைப் போலீசுக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுத வைத்திருந்தார். அதற்குப் பயந்தோ என்னவோ ரம்புத்தான் மாமா எங்கள் தோட்டத்துப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அங்கேயும் பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிட்டிருப்பார்கள்.

ஷா ஆலத்துக்கு மழை முடியும் சமயத்தில் போனோம். அப்பாவுக்குப் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால் அக்கா போனாள். அம்மாவும் பெரியம்மாவும் வேலைக்குப் போயிருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, நானும் போனேன். அப்பா கோயில் கணக்கு வாசிக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். அது தொளதொளவென்று தொங்கியது. திவால் இலாகாவில் குளிர்சாதனம் போட்டிருந்தது. எங்களைப் போலவே நிறையப் பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு சீனர்கூட இருந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நடுத்தர வயது மலாய்க்கார அம்மா. முக்காட்டைச் சரிசெய்தபடி அப்பாவை மரியாதையாக 'பாக்சிக்' என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்பாவின் மலாய் லோரிக்காரர் மலாய், அங்கே அது வாயைவிட்டு வரவில்லை. அக்காதான் இரண்டு பக்கமும் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர், வாடகை உண்டா, பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டா என்று அதிகாரி கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அரிசிக்கும் பள்ளிக்கும் முதலில் ஒதுக்கினார். மிச்சத்தில் ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, மாதாமாதம் இதைக் கட்ட முடியுமா என்று கேட்டார். சம்பளத்தைத் தோட்ட ஆபீஸே கையில் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அக்கா தொகையைச் சொன்னபோது அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "திரும்பச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். ரம்புத்தான் மாமா எடுத்ததில் அது கால்வாசிகூட இல்லை.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். கோபமாக இல்லை, வெறுமனே தெரிந்துகொள்வதுபோல. அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா கேக்குறாங்க?" என்றார் அப்பா.

அக்கா அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்தாள். "ஏன் முன்னாடியே வரலன்னு கேக்குறாங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் முகத்தை, தொழிற்சாலைக்காக அவள் புதிதாக ஒட்ட வெட்டியிருந்த முடியை, நெடுநேரம் பார்த்தார்.

"பஸ்ஸு தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

அக்கா அதை மலாயில் அப்படியே சொன்னாள். அதிகாரி பரிவோடு தலையசைத்தார். ஒரு தாளைக் கிழித்து, கோல சிலாங்கூரிலிருந்து எந்த பஸ் ஏறவேண்டும், கிள்ளானில் எங்கே இறங்கி மாறவேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் நிதானமாக எழுதி, அப்பாவிடம் கொடுத்தார். அப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.